மான் ரவை

சீடர் க்ரீக், மிசௌரி
1997 மார்ச் 9

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

அக்கா நெல்டா எழுதுவது. இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அலாஸ்கா குளிரில் உன் மார்ச்சளி எப்படி இருக்கிறது? போன வருடம் போல இருமிக்கொண்டே மீன் ஆலையின் ஐஸ் இயந்திரங்களைக் கட்டி அழாதே, மருந்து சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோளரொட்டி வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நம் வீட்டில் யாரோ புகுந்துவிட்டார்கள். டிவி போய்விட்டது. உன் அத்தான் எல்மர் உயிரோடு இருந்தபோது ஆசையாக வாங்கிய மரம் அறுக்கும் இயந்திரமும் போய்விட்டது. ஷெரிப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். "ஜன்னல் உடையல, பூட்டு உடையல. கதவத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். நான் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். என்னைப் போல ஐந்தடி உயரப் பெண்பிள்ளைக்கு எது சரிவரும், எப்படிப் பழகுவது என்பதை மட்டும் எழுது. உபதேசம் வேண்டாம்.

டஸ்டினைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் மகன் டவுனில் நண்பர்களோடு தங்கியிருக்கிறான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு உன் அக்கா,
நெல்டா

---

அலாஸ்கா
1997 மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சளி என்னை விட்டுவிட்டது, இப்போது முதலாளியைப் பிடித்திருக்கிறது. முழங்காலுக்குக் குதிரைத் தைலம் போட்டுப் பார்.

திருடன் வந்த செய்தியைப் படித்ததும் கை முறுக்கிக்கொண்டது. ஆனால் புதிதாக எதற்கு வாங்குகிறாய்? அப்பாவின் பன்னிரண்டு கேஜ் பம்ப் துப்பாக்கி சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் குத்துக்கல் மாதிரி நிற்கிறதே. நவம்பர் விருந்துக்கு வந்தபோது நானே எண்ணெய் போட்டு வைத்தேன். அதை எடுத்து, குழலுக்கு அடியில் இருக்கிற பிடியை ஒரு தடவை முன்னும் பின்னும் இழு. அந்தச் சத்தம் கேட்டால் எந்தத் திருடனும் கால்சட்டையை நனைத்துக்கொண்டு ஓடுவான். சுடவே வேண்டியிருக்காது.

சுட வேண்டி வந்தால், உள்ளே மான் ரவைத் தோட்டா போட்டு வை, மானையே சாய்க்கிற பெரிய ஈயக் குண்டுகள். புறா ரவையெல்லாம் தோட்டத்துக் காக்காய்க்குத்தான். உள்ளே வருகிறவன் யாராக இருந்தாலும் யோசிக்காதே.

யார் மேலாவது சந்தேகம் உண்டா? அதை எழுதவே இல்லையே. டஸ்டினை அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல். கிறிஸ்துமஸிலிருந்து அந்தத் தடியன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அப்பன் ஒருவன் இருக்கிறான் என்று அவன் காதில் போடு.

உன் தம்பி,
ராய்ஸ்

---

சீடர் க்ரீக்
ஏப்ரல் 13

அன்புள்ள ராய்ஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை, இப்போது வலது தோள்தான் கதறுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

அப்பாவின் துப்பாக்கி உபயோகத்துக்கு இல்லை. அதனால் டவுன் கடைக்குப் போனேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதான் கரெக்டு, கைப்பைக்குள்ள வெச்சுக்கலாம்" என்று ஒரு பொம்மைக் கைத்துப்பாக்கியை நீட்டினான். எனக்குக் கைப்பைக்கு வேண்டாம், வீட்டுக்கு வேண்டும் என்றேன். உடனே ராணுவத்துக்குப் போகிறவனுக்குக் கொடுப்பது போல ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லையா என்று கேட்டால், "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்களேன்" என்கிறான். கல்லறையிலிருந்தா கூட்டிவருவது?

பக்கத்துப் பண்ணை ஹாங்க், "என்னோடத சுட்டுப் பாரு நெல்டா" என்று கல்குழிக்கு அழைத்துப் போனான். கூட இரண்டு பேர் வேடிக்கை பார்க்க. பன்னிரண்டு கேஜ், நீ சொன்ன அதே மான் ரவை. துப்பாக்கியின் பின்கட்டை என் அக்குளைத் தாண்டிப் போகிறது, விசை கைக்கு எட்டவில்லை. "ஒண்ணும் ஆகாது, அழுத்து" என்றான். அழுத்தினேன். பின்னால் சேற்றில் உட்கார்ந்தேன். கன்னம் வீங்கிவிட்டது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த ஊர் ஆண்கள் பெண்ணுக்குத் துப்பாக்கி கற்றுக்கொடுக்கிற லட்சணம் இதுதான். இருப்பதிலேயே பெரியதைக் கையில் கொடுத்துவிட்டு எப்படி விழுகிறாள் என்று பார்ப்பார்கள். அப்பாவும் அம்மாவுக்கு இதைத்தான் செய்தார். அம்மா அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவே இல்லை. நான் தொடுவேன், எனக்கு வேறு வழியில்லை.

டஸ்டின் இரண்டு வாரம் முன்பு வந்தான். இளைத்திருக்கிறான்.

நெல்டா

---

அலாஸ்கா
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கன்னம் வற்றியதா? சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தேன், முடியவில்லை, மன்னித்துக்கொள். நீ முன்னால் சாய்ந்து நிற்கவில்லை, அதுதான் தப்பு. துப்பாக்கி மேல் பழி போடாதே. பன்னிரண்டைத் தவிர வேறு எதையும் வாங்காதே. சின்னதெல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள் அணில் சுடுவதற்கு.

அப்பாவின் துப்பாக்கிக்கு என்ன ஆயிற்று என்று நீ சொல்லவே இல்லை. "உபயோகத்துக்கு இல்லை" என்றால் என்ன? துருப்பிடித்ததா, உடைந்ததா? ஆறு மாதத்துக்கு முன்பு கண்ணாடி போல இருந்தது. யாருக்காவது கொடுத்துவிட்டாயா?

டஸ்டின் இளைத்திருக்கிறான் என்றால் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அவன் அம்மா விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து உன் கையால் தின்று வளர்ந்தவன். இரண்டு நாள் உட்கார வைத்துச் சோறு போடு, சரியாகிவிடுவான்.

ராய்ஸ்

---

சீடர் க்ரீக்
மே 21

அன்புள்ள ராய்ஸுக்கு,

கன்னம் வற்றிவிட்டது. உன் மேல் உள்ள கோபம் வற்றவில்லை.

இருபது கேஜ் வாங்கிவிட்டேன், எண் பெரிது, குழல் பன்னிரண்டைவிடச் சின்னது. பம்ப்தான். பள்ளிக்கூடப் பையன்களுக்கென்று கட்டை குட்டையாகச் செய்ததுதான். தோளில் வைத்தால் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. நீ சிரித்து முடித்ததும் மேலே படி.

ஓபல் என்று ஒரு அம்மாள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், சனிக்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும் சொல்லித் தருகிறாள். நீ சொன்னது அவள் வாயில் நுழைந்து வெளியே வருவதற்குள் பாதி செத்துவிட்டது. "பம்ப் சத்தத்துக்கு ஓடறவன் ஓடுவான். ஓடாதவனுக்கு நீ எந்த ரூம்ல இருக்கேன்னு காட்டிக் கொடுத்துடும்" என்றாள். "ரவை விரிஞ்சு ரூமையே மூடும்னு ஆம்பளைங்க கதை விடுவாங்க. வீட்டுக்குள்ள உள்ளங்கை அகலம்கூட விரியாது. குறி பாக்கணும்." "திருடனத் தேடிட்டுப் போகாத. டிவி போனா மயிரு போச்சு. படுக்கை ரூம்ல, கட்டிலுக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டு உக்காரு. அந்தக் கதவத் தொறந்துக்கிட்டு வர்றவன் மட்டும்தான் உன்னோட பிரச்சினை." அதற்காக வீட்டுக்கே வந்து பார்த்தாள். மழைக்காலத்தில் படுக்கையறைக் கதவு உப்பி இறுகிக்கொள்ளும், உனக்குத் தெரியும், நீ மாட்டிய கதவுதானே. அவசரத்துக்குச் சாத்த முடியாது என்று அவள் திட்டியதால் ஹாங்கைக் கூப்பிட்டுக் கதவின் ஓரத்தை இழைக்க வைத்தேன். கல்குழியில் சிரித்ததற்குப் பரிகாரமாகக் கூலி வாங்காமல் செய்தான்.

போன சனிக்கிழமை ஆள் படம் போட்ட அட்டைகளை வைத்துப் பயிற்சி. ஒருத்தி கையில் பால் புட்டி இருக்கும், சுடக்கூடாது. ஒருவன் கையில் கத்தி இருக்கும், சுட வேண்டும். கடைசி அட்டையில் தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன், கையில் கடப்பாறை. நான் சுடவில்லை.

"இவன ஏன் விட்ட?" என்றாள்.

"சின்னப் பையன்."

"கடப்பாறை இருக்கே."

"பாத்தேன்."

அவள் காதடைப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நெல்டா, யாரச் சுட மாட்டேன்னு இன்னைக்கு வீட்டுக்குப் போயி முடிவு பண்ணு. அப்படி ஒருத்தன் உன் வீட்டுக்குள்ள வரக்கூடியவன்னா, இத வித்துடு. இல்லன்னா அவனுக்குத்தான் நீ துப்பாக்கி வாங்கி வெச்சிருக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் துப்பாக்கியைப் பற்றி இனிமேல் கேட்காதே. "யாராக இருந்தாலும் யோசிக்காதே" என்று இனிமேல் எழுதாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நெல்டா

---

அலாஸ்கா
ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மூடுபனியால் பத்து நாள் விமானம் வரவில்லை. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. அணில் துப்பாக்கிக்கு வாழ்த்துகள்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தனியாக இருந்து இருந்து பயந்துபோயிருக்கிறாய். அட்டைப் படத்தையே சுட முடியாதவள் ஆளையா சுடப்போகிறாய்? அதனால் நானே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். டஸ்டினுக்கு எழுதிவிட்டேன், உடனே மூட்டை கட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய் இரு என்று. புதுத் துப்பாக்கி படுக்கையறை அலமாரியில் இருக்கும், ராத்திரி நீ எடுத்து வைத்துக்கொள், அவளுக்கு அது தோதுப்படாது என்றும் எழுதியிருக்கிறேன். சாவி எப்போதும்போல ஜெரேனியப் பூந்தொட்டிக்கு அடியில்தானே? அதையும் சொல்லிவிட்டேன். அந்தத் திருட்டு நாய் கையில் மாட்டினால் ஷெரிப்பிடம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் ஒடித்துவிடு என்று எழுதினேன். பையனுக்கும் ஒரு பொறுப்பு வந்தது போல ஆகும், உனக்கும் துணை.

ராய்ஸ்

---

சீடர் க்ரீக்
ஜூன் 10

அன்புள்ள ராய்ஸுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

நேற்று மறுபடியும் வீட்டில் புகுந்திருக்கிறார்கள். அம்மாவின் சுவர்க் கடிகாரமும், எல்மரின் கல்யாண மோதிரமும் போய்விட்டன. துப்பாக்கி என் காரில் இருந்ததால் தப்பியது. பின்கட்டில் நம் நாய்க்கு, பிஸ்கட்டுக்கு, வைக்கும் தண்ணீர்ச் சட்டி காலியாக இருந்ததை வந்தவர்கள் பார்த்திருக்க வேண்டும். நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பூட்டை மாற்றிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் துப்பாக்கி வாங்கியதை யாருக்கும் சொல்லாதே. நம் ஆட்களுக்கும் சொல்லாதே.

நெல்டா

---

சீடர் க்ரீக்
ஜூன் 20

ராய்ஸ்,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? உன்னிடம் எந்தத் துப்பாக்கி என்று கேட்டேன். ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டேனா? நாற்பத்தேழு வயதாகியும் நான் ஒன்று கேட்டால் நீ வேறொன்று செய்கிற புத்தி போகவில்லை. பூட்டை மாற்றிய நானும் புதுச் சாவியைக் கொண்டுபோய் அதே தொட்டிக்கு அடியில்தான் வைத்திருந்தேன் என்பதை உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். இருவரும் ஒரே அம்மா பிள்ளைகள்தான்.

உங்கள் ஆலைக்குப் போன் செய்தேன். போனுக்கு வரிசையில் நிற்கும் யாரோ எடுத்து, ராய்ஸ் ஷிப்டில் இருக்கிறார், ஏதாவது சொல்லணுமா என்று கேட்டான். அவனிடம் எதைச் சொல்வது? வைத்துவிட்டேன்.

டஸ்டினுக்கு இன்றே எழுது. அத்தை ஊரில் இல்லை, போக வேண்டாம் என்று எழுது. அவன் இங்கே வரக்கூடாது.

நெல்டா

---

அலாஸ்கா
ஜூலை 5

அக்காவுக்கு,

நான் எழுத மாட்டேன்.

என் மகனுக்கு உன் வீட்டில் இடமில்லை என்றால் நேராகச் சொல். எட்டு வயதிலிருந்து அவனை வளர்த்தது நீ. நான் இங்கே மீன் நாற்றத்தில் கிடந்து பணம் அனுப்பியதும் அவன் உன்னிடம் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான். இப்போது வாசல்படி ஏறக்கூடாது என்கிறாய். அவன் உனக்கு என்ன செய்தான்? மூன்று மாதமாக நானும் கேட்கிறேன், நீயும் சுற்றி வளைக்கிறாய். பேர் சொல்லி, செய்ததைச் சொல்லி எழுது. இல்லையென்றால் எழுதாதே.

ராய்ஸ்

---

சீடர் க்ரீக்
ஜூலை 14

அன்புள்ள ராய்ஸுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்டபடி எழுதுகிறேன்.

மார்ச்சில் வந்தது டஸ்டின். அதற்கு முன்பே, பிப்ரவரியில், அப்பாவின் துப்பாக்கியை எடுத்து விற்றதும் அவன்தான். ஜூனில் கடிகாரத்தையும் மோதிரத்தையும் எடுத்ததும் அவன்தான். வெள்ளைப் பொடியை இழுக்கிறான். பல் கெட்டுவிட்டது. இரண்டு நாள் சோறு போட்டால் சரியாகிற விஷயம் இல்லை. மார்ச்சில் நான் துப்பாக்கி வாங்க நினைத்தது அவன் கூட வருகிறவர்களுக்குப் பயந்துதான். அவனுக்கு என்று நினைக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பகலில் பல் பிடுங்கிவிட்டுப் படுத்திருந்தேன். கார் ரிப்பேருக்குப் போயிருந்ததால் வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்திருப்பான். புழுக்கத்துக்காகப் பின்பக்கம் வலைக்கதவை மட்டும் சாத்தியிருந்தேன். அது திறக்கிற சத்தம் கேட்டது. பிஸ்கட் வாலால் தரையைத் தட்டுகிறது. காலடி நேராக அறைப்பக்கம் வந்தது. நான் ஓபல் சொன்னபடி கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, குழலை மெத்தை மேல் வைத்து, பாதுகாப்புப் பொத்தானை அழுத்தி விசையை விடுவித்தேன். அதில் நீ சொன்ன மான் ரவைதான். அதை மட்டும் உன் பேச்சைக் கேட்டிருந்தேன்.

"துப்பாக்கி வெச்சிருக்கேன். ஷெரிப்புக்குப் போன் பண்ணியாச்சு. வெளிய போயிடு" என்று கத்தினேன்.

"அத்தை, நான்தான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "போன் சமையல் ரூம்லதானே இருக்கு" என்றான்.

"எதுக்கு வந்த?"

"அப்பா வரச் சொன்னாரு. லெட்டர் இருக்கு."

"படி."

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உன் கடிதத்தைப் படித்தான். இரண்டாம் வகுப்புப் பையன் படிப்பது போல, நிறுத்தி நிறுத்தி. அலமாரியில் துப்பாக்கி இருக்கும் என்ற இடம் வந்தது. பிறகு திருட்டு நாயின் கையை ஒடிக்கச் சொல்லி நீ எழுதியது. அங்கே நிறுத்திவிட்டான்.

"மேல படி" என்றேன்.

"அவ்வளவுதான் அத்தை."

"இன்னும் இருக்கும். படி."

"உன்னை நம்பித்தான் நான் இங்க தூங்குறேன்னு எழுதியிருக்காரு."

பிறகு, "அத்தை, அந்தத் துப்பாக்கிக்குத்தான் வந்தேன். ரெண்டு பேர் வெளிய வண்டியில இருக்காங்க. வெறுங்கையோட போனா என்ன விட மாட்டாங்க. குடுத்துடுங்க" என்றான். கைப்பிடி திரும்பியது.

"கைய எடு. சுட்டுடுவேன்."

"நீங்க சுட மாட்டீங்க."

"சுடுவேன் டஸ்டின்."

ராய்ஸ், நான் மிரட்டவில்லை. விரல் விசை மேல் இருந்தது. அட்டைப் பையனை விட்டவள், நான் வளர்த்த பையனுக்குக் குறி வைத்திருந்தேன். உனக்கு இத்தனை மாதம் எழுத முடியாமல் இருந்தது அவன் திருடன் என்பதை அல்ல, இதைத்தான். அட்டையை விட்ட அன்றைக்கு, காரில் உட்கார்ந்து நான் எடுத்த முடிவு இது. துப்பாக்கியை விற்கவில்லையே.

கைப்பிடி பழையபடி ஆயிற்று. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நாய் அவன் பின்னாலேயே ரோடு வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை.

நெல்டா

---

அலாஸ்கா
ஆகஸ்ட் 1

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதலில் அப்பனாகப் படித்தேன். உன்னைக் கொன்றுவிடலாம் என்றிருந்தது. பிறகு தம்பியாகப் படித்தேன். இப்போது யாராக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் என் பிள்ளையைக் கொல்ல நானே உட்கார்ந்து பாடம் எழுதியிருக்கிறேன். நீயும் படித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்பதும் தெரிகிறது.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். அவனைத் தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல். கைப்பிடி பழையபடி ஆயிற்று என்று எழுதியிருக்கிறாய். அவனாகவே விட்டானா? இல்லை, தள்ளிப் பார்த்துக் கதவு திறக்காமல் விட்டானா? அந்தக் கதவு ஜூலையில் இறுகும். நான் மாட்டிய கதவு, எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அந்தக் கதவுதான் கண்ணில் நிற்கிறது. மறைக்காமல் எழுது.

ராய்ஸ்

---

சீடர் க்ரீக்
ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

நான் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று கையெழுத்திலேயே தெரிகிறது, சாப்பிடு.

அந்தக் கதவு இப்போது இறுகுவதில்லை. மே மாதமே ஹாங்க் இழைத்துவிட்டான், உனக்கு எழுதியிருந்தேன், அணில் துப்பாக்கியைப் பார்த்துச் சிரித்ததில் கவனிக்கவில்லை. ஒரு விரலால் தொட்டால் திறந்துகொள்ளும். அவன் அதைத் தள்ளவே இல்லை. நான் சுடுவேன் என்றதும், "சரி அத்தை" என்றான். அவனாகத்தான் கையை எடுத்தான். வண்டியில் காத்திருந்தவர்களிடம் வெறுங்கையோடுதான் போனான்.

அவனைத் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்.

நீ வந்தால் பின்பக்கமாக வராதே. முன்வாசலில் நின்று, கதவைத் தட்டி, பேரைச் சொல்லு. நான் பதில் சொன்ன பிறகு உள்ளே வா.

உன் அக்கா,
நெல்டா